தார்ப்பாய்க்கு ஒரு கரை

தொண்டாமுத்தூர்ப் பக்கம், நண்பர் ஒருவரின் பாக்குத் தோப்பு ஓரத்தில் இருக்கிறது அந்தக் குட்டை. 12 அடி நீளம், 8 அடி அகலம், நடுவில் இடுப்பளவு ஆழம். அடியில் தார்ப்பாய் விரித்திருக்கிறது என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. ஓரமாகக் குத்தவைத்து உட்கார்ந்து கல் கல்லாகப் பார்த்தேன். கறுப்பு விளிம்பு ஓரங்குலம்கூடக் கண்ணில் படவில்லை. ஆரைக்கீரை பாதி தண்ணீரிலும் பாதி சேற்றிலுமாகப் படர்ந்து கிடந்தது. அதன் நடுவில் ஒரு தவளை, உடம்பு தண்ணீரிலும் மோவாய் மண்ணிலுமாக. அது இருந்தது குட்டையிலா, தோட்டத்திலா என்று சொல்ல முடியவில்லை.

கொங்கு நாட்டுச் செம்மண்ணிலும் சரளையிலும் வெட்டிய குழியில் தண்ணீர் தங்காது. பண்ணைக்குட்டைக்கு 500 மைக்ரான் தார்ப்பாய் விரிப்பது இங்கே பழகிப்போன காட்சி. பாசனத்துக்கு அது போதும். தவளைக்கும் தட்டானுக்கும் வெட்டுகிற குட்டைக்குப் போதாது. வெயில் பட்ட விளிம்பு நாளடைவில் வெடித்துப்போகும். வழவழப்பில் கால் பிடிக்காமல் அணில் மூழ்கிச் சாகும். இந்த விளிம்பை மறைக்கப் பலரும் ஒரே அளவுக் கற்களைச் சுற்றிலும் அடுக்குகிறார்கள். குட்டைக்கு மாலை போட்டதுபோல் இருக்கும். ஒவ்வொரு இடுக்கிலும் தார்ப்பாய் எட்டிப் பார்க்கும்.

தொண்டாமுத்தூர்க் குட்டையை அமைத்தவர் கிணறுகளுக்குக் கல்லுக்கட்டுக் கட்டிப் பழகிய ஒரு பெரியவர். அவர் முதலில் பார்த்தது மட்டம். சுற்றிலும் முளை அடித்து, தண்ணீர் நிரப்பிய டியூப்பைப் பிடித்து, எல்லா முளையிலும் ஒரே மட்டத்தைக் குறித்தாராம். ஒரு பக்கம் இரண்டங்குலம் உயர்ந்துவிட்டால் அங்கே தார்ப்பாய் காலத்துக்கும் வெளியே தெரியும். பிறகு, நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே, ஒரு முழ அகலத்தில் படி. தார்ப்பாய் அந்தப் படியில் படிந்து, பின்சுவரோடு நிமிர்ந்து, நீர்மட்டத்துக்கு நான்கு விரற்கடை மேலே நிற்கிறது. படியில் பழைய சாக்கு, சாக்கின்மேல் பெரிதும் சிறிதுமாக ஓடைக்கற்கள், இடுக்கில் சரளை.

நுனியை ஏன் மண்ணுக்குள் மடித்துப் புதைக்கவில்லை என்று கேட்டேன்.

“தண்ணிக்குள்ள இருக்கற மண்ணும் வெளி மண்ணும் தொட்டுக்கக் கூடாதுங்க. தொட்டா, விளக்குத்திரி எண்ணெய இழுக்கற மாதிரி அத்தனையும் இழுத்துப் போடுமுங்க.”

அதனால்தான் அந்த நான்கு விரற்கடை. முன்னால் கல்லும் பின்னால் மண்ணும் அதை நெருக்கிப் பிடிக்க, மேலே பொடுதலை கவிந்துகொண்டிருக்கிறது. சரிவு கூடிய பக்கத்தில் பொள்ளாச்சித் தென்னைநார்ப் பாயைத் தொங்கவிட்டு நீர்ப்பிரம்மி நட்டிருக்கிறார். நார் மக்குவதற்குள் வேர் பிடித்துக்கொள்ளும். எதிர்ப்பக்கம் கூழாங்கல் சரிவு, தண்ணீருக்குள் மெல்ல இறங்குகிறது. ஜப்பானில், கியோட்டோவின் செந்தோ அரண்மனைத் தோட்டத்திலும் இப்படிக் கல் பரப்பிய நீர்க்கரை ஒன்று உண்டு. இங்கே அதில் சிட்டுகள் இறங்கிக் குளிக்கின்றன.

கோவை கோராப் புடவையைக் கையில் எடுத்தால் கண் முதலில் கரைக்குத்தான் போகும். குட்டைக்கும் அதே சொல்தான். கரை எடுப்பாகத் தெரிய வேண்டும். சேர்மானம் தெரியக் கூடாது. நெசவில் அதை விரல் தடவிப் பார்த்துச் சொல்லிவிடலாம். குட்டையில் அது தெரிய ஒரு பருவம் காத்திருக்க வேண்டும். மழை பெய்து நிறைந்திருக்கும்போது எந்தக் குட்டையும் அழகுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று வந்து தண்ணீரை உறிஞ்சி, மட்டம் ஒரு சாண் இறங்கும்போதுதான் வேலையின் தரம் தெரியும்.

ஆடியில் மறுபடி போனேன். மட்டம் இறங்கியிருந்தது. தெரிந்தது கல், அதற்குக் கீழே இன்னும் கல். தண்ணீர் விலகிய இடமெல்லாம் பொன்னாங்கண்ணி பின்னாலேயே இறங்கி வந்திருந்தது. சிங்காநல்லூர்க் குளத்தின் ஓரத்தில் கோடையில் பார்த்ததும் இதுதான்: இங்கே கோரை, அங்கே வெறும் சேறு, நடுவில் சரிந்த கல். கோடு போட்டதுபோல் கரை எங்கும் இல்லை.

புறப்படும்போது நண்பர் ஒரு கோரைத் தண்டைக் காட்டினார். தண்ணீரிலிருந்து ஒரு சாண் உயரத்தில், முதுகு பிளந்த வெற்றுக்கூடு ஒன்று ஆறு காலாலும் தண்டைப் பற்றியிருந்தது. தண்ணீருக்குள் வளர்ந்த தட்டான் புழு இரவோடிரவாக ஏறி, தோலை உரித்துவிட்டு, விடிந்ததும் பறந்திருக்கிறது. தண்ணீரிலிருந்து அது ஏறி வந்த வழியில் கல் இருந்தது, சேறு இருந்தது, கோரை இருந்தது. தார்ப்பாய் அதன் காலிலும் படவில்லை.