இருபது மீட்டர்

படம் தொடங்கும்போது திரையில் ஒன்றுமே இல்லை. இருட்டு. ஒரு பெண் குரல் கேள்வி கேட்கிறது. கையைத் தூக்க முடியுமா, தலையில் தொப்பி வைக்க முடியுமா. ஒரு ஆண் குரல் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுமை இழந்து பதில் சொல்கிறது. அந்த ஆளுக்கு வந்தது மாரடைப்பு. கைகாலெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இதயத்தைப் பற்றிக் கேளுங்கள் என்று அவர் கெஞ்சாத குறை. கேள்வித்தாளின் வரிசை மாறுவதாக இல்லை.

கென் லோச் இயக்கி பால் லாவர்ட்டி எழுதிய 'ஐ, டேனியல் பிளேக்' 2016இல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கிய படம். முதல் தடவை பார்த்தபோது அழுதேன். உணவு வங்கியில் கேட்டி பசி தாங்காமல் டப்பாவைத் திறந்து கையாலேயே அள்ளித் தின்கிற இடத்தில் அழாதவர் யார்? சமீபத்தில் மறுபடி பார்த்தேன். இந்த முறை கண்ணீர் வரவில்லை, வேறொன்று உறுத்தியது.

முதலில் படத்தின் பலம். இதில் வில்லன் கிடையாது. படிவம்தான் கதையை நகர்த்துகிறது. டேனியல் நியூகாஸிலில் 59 வயதுத் தச்சர். வேலைக்குப் போகாதே என்கிறார் மருத்துவர். போகலாம் என்கிறது அரசுக்காக நடக்கும் மதிப்பீடு. மேல்முறையீடு முடியும்வரை சாப்பிட வேண்டுமே, அதனால் வேலை தேடுவோருக்கான உதவித்தொகை கேட்க வேண்டியிருக்கிறது. அது கிடைக்க, செய்யவே கூடாத வேலையை வாரம் முழுக்கத் தேடிக் காட்ட வேண்டும். விண்ணப்பமோ கணினியில்தான். மவுஸைத் திரையில் மேலே நகர்த்தச் சொன்னால், மவுஸையே தூக்கித் திரைமேல் வைக்கிறார். சிரிக்கிறோம். அடுத்த நொடி, இதை வடிவமைத்தவர் இப்படி ஒருவரை நினைத்தே பார்க்கவில்லை என்பது உறைக்கிறது.

எனக்கு உறுத்தியது டேனியலின் குணம். ரொம்ப நல்லவர். குடிப்பதில்லை, பொய் சொல்வதில்லை, கேட்டியின் பிள்ளைகளுக்கு மரத்தில் மீன் செதுக்கித் தருகிறார். கேட்டி கடையில் திருடுவதும் தேவைக்காகத்தான். தகுதியான ஏழை, தகுதியற்ற ஏழை என்று பிரிப்பது எந்த அமைப்பைப் படம் திட்டுகிறதோ அதன் அடிப்படைப் பழக்கம். அந்தப் பிரிவினையைப் படமும் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்கிறது. டேனியல் சோம்பேறியாக, வாய்த்துடுக்குள்ளவராக இருந்திருந்தால் நாம் அழுதிருப்போமா?

இந்தக் கேள்வியோடுதான் ஸ்காட்லாந்தின் சாசனத்தைப் படித்தேன். 2016இல் வந்த சட்டம் ஊனமுற்றோருக்கான உதவித்தொகை உட்படச் சிலவற்றை ஸ்காட்லாந்தின் கைக்கு மாற்றியது. 2017இல் அங்கே அனுபவக் குழுக்கள் அமைத்தார்கள். உதவித்தொகை வாங்கிப் பழகிய 2,400க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். கடிதம் எப்படி இருக்கணும், படிவத்தில் என்ன கேட்கணும், மதிப்பீட்டில் எது அவமானமாக இருந்தது என்று அவர்களிடமே கேட்டார்கள். 2018 சட்டம், இந்த அமைப்பு மக்களோடு சேர்ந்து வடிவமைக்கப்பட வேண்டும் என்பதை ஒரு கொள்கையாகவே எழுதிவைத்தது. 2019இல் சாசனம் வந்தது.

அரசாங்கத் தாள்களை இலக்கியமாகப் படிப்பது என் கெட்ட பழக்கம். சாசனம் முழுக்க 'நாங்கள்' என்ற எழுவாய். பொறுமையாக இருப்போம், கனிவாக இருப்போம், நீங்கள் எப்படி உணர்வீர்கள் என்று யோசிப்போம். படிப்பவர் நல்லவரா கெட்டவரா என்று அது கேட்பதே இல்லை. லோச் தவறவிட்ட இடத்தை இந்த வறண்ட தாள் பிடித்துவிட்டது. நம்மூர்த் தாள்களில் வரும் 'பயனாளி' என்ற சொல்லை நினைத்துக்கொண்டேன். அந்தச் சொல்லில் வாங்குகிற கை மட்டும்தான் இருக்கிறது. ஊனமுற்ற பெரியவர்களுக்கான புதிய உதவித்தொகை 2022இல் நடைமுறைக்கு வந்தபோது மதிப்பீடு தனியார் நிறுவனங்களிடம் இல்லை. சும்மா சொல்லக்கூடாது, பெரிய மாற்றம்.

கேட்டாங்க, சரி. எதைக் கேட்டாங்க?

பிரிட்டனில் 2013இல் வந்த உதவித்தொகை நடக்கும் தூரத்தை மீட்டரில் அளக்கிறது. 20 மீட்டருக்கு மேல் நடக்க முடிந்தால், நடையை வைத்துத் தரும் மேல்நிலைத் தொகை இல்லை. இருபத்தோராவது மீட்டர் ஒருவரின் காரைப் பறிக்கும், காரோடு வேலையையும் பறிக்கும். ஊனமுற்றோர் அமைப்புகள் வருடக்கணக்கில் எதிர்த்த விதி இது. ஸ்காட்லாந்தின் புதிய உதவித்தொகையிலும் அதே 20 மீட்டர் உட்கார்ந்திருக்கிறது. முதலில் எல்லாரையும் பழைய அமைப்பிலிருந்து பத்திரமாக மாற்ற வேண்டும் என்பது அரசு சொன்ன காரணம். காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் கடிதத்தின் தொனியை மாற்ற முடிந்தவர்களால் கடிதத்தில் இருக்கும் எண்ணைத் தொட முடியவில்லை.

இன்னொன்று. டேனியல் கிளாஸ்கோவில் வாழ்ந்திருந்தாலும் தப்பித்திருக்க மாட்டார். வேலை செய்ய முடியாதவர்களுக்கான உதவித்தொகையும் அதற்கான மதிப்பீடும் இன்னமும் லண்டன் கையில்தான். அந்த இருட்டுக் குரல் எல்லை தாண்டியும் கேட்கும்.

லண்டனும் இப்போது கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. 2025 மார்ச்சில் ஊனமுற்றோர் உதவித்தொகைக்கான தகுதியை இறுக்கப் போவதாக அறிவித்தார்கள். சொந்தக் கட்சி எம்.பி.க்களே எகிற, ஜூலையில் அந்தப் பகுதியை மசோதாவிலிருந்து எடுத்துவிட்டு, ஊனமுற்றோரோடு சேர்ந்து மறுஆய்வு செய்வோம் என்றார்கள். கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டு, எந்தத் துணி பிடிக்கும் என்று கேட்பதுபோல இருந்தது.

டேனியலும் பேசத் தயாராகத்தான் இருந்தார். மேல்முறையீட்டில் வாசிக்க ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார், பென்சிலால். விசாரணைக்குச் சற்று முன்பு கழிவறையில் இதயம் நின்றுபோகிறது. அந்தக் கடிதத்தைக் கேட்டி வாசிக்கிறாள், காலை ஒன்பது மணிக்கு, சவ அடக்கத்தில். கட்டணம் குறைவு என்பதால் ஏழைகளுக்கு அந்த நேரம்.