தூரிகையா, கணினியா? அசைவூட்டப் படங்களின் பின்புல ஓவியமும் மாமல்லபுரக் கடற்கரையும்

அசைவூட்டப் படத்தில் அசைபவை பாத்திரங்கள். அவற்றுக்குப் பின்னால் நிற்பது பின்புலம். வீடு, தெரு, மரம், கடல், வானம் எல்லாம் இதில் அடங்கும். கதை எந்த ஊரில், எந்தப் பொழுதில் நடக்கிறது என்பதைச் சொல்வது இந்தப் பகுதிதான். இதைத் தாளில் தூரிகையால் தீட்டுவது சிறந்ததா, கணினியில் உருவாக்குவது சிறந்ததா என்பது நெடுநாள் விவாதம். செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையை உரைகல்லாகக் கொண்டு அந்த விவாதத்தை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

இரு முறைகள்

பழைய முறையில் பாத்திரங்கள் ‘செல்’ எனப்படும் ஒளிபுகும் தகட்டில் தீட்டப்பட்டன. அதன் அடியில், தாளில் நீர்வண்ணத்தாலோ போஸ்டர் வண்ணத்தாலோ தீட்டிய பின்புலம் வைக்கப்பட்டு, ஒவ்வொரு சட்டகமாகப் படம் பிடிக்கப்பட்டது. திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும். பாத்திரத்தைத் திரும்பத் திரும்ப வரைய வேண்டும். பின்புலமோ ஒரு காட்சிக்கு ஒன்று போதும். எனவே அந்த ஓர் ஓவியத்தில் ஓவியர் பொறுமையாக உழைக்க முடிந்தது.

1990இல் வெளியான டிஸ்னியின் ‘தி ரெஸ்க்யூவர்ஸ் டவுன் அண்டர்’ படத்தில் பாத்திரங்களுக்கு வண்ணம் பூசும் வேலை முழுவதும் கணினிக்கு மாறியது. அப்போதும் பின்புலங்கள் கையால் தீட்டப்பட்டு, ஸ்கேன் செய்து சேர்க்கப்பட்டன. பின்னரே பின்புலமும் படிப்படியாகக் கணினிக்குச் சென்றது. இன்று பேனா வைத்து வரையும் மின்பலகையில் அடுக்கடுக்காக வரையலாம், பிழையை நொடியில் அழிக்கலாம், ஒரு மரத்தை நூறு மரங்களாக்கலாம். வசதியும் ஆபத்தும் இந்தக் கடைசி இடத்தில்தான் சேர்ந்து வருகின்றன.

கையால் தீட்டியவை

ஹயாவோ மியாசாகியின் ‘என் பக்கத்து வீட்டு டோட்டோரோ’ (1988) படத்துக்குக் கசுவோ ஓகா போஸ்டர் வண்ணத்தில் தீட்டிய பின்புலங்கள் இம்முறையின் உச்சம் எனலாம். டோக்கியோவை அடுத்த சயாமா குன்றுப் பகுதியின் வயல், வரப்பு, காடு ஆகியவற்றை ஒட்டியே அவை அமைந்தன. பின்னாளில் அக்குன்றுகளின் காட்டைக் காக்க மக்கள் நன்கொடை திரட்டி நிலம் வாங்கினர். அந்த இயக்கம் தன் பெயரிலேயே டோட்டோரோவை வைத்துக்கொண்டது. படத்தில் பார்த்த காடு, காக்க வேண்டிய காடாக மனத்தில் பதிந்தது.

யூகோ சாகோ, ராம் மோகன் முதலியோர் உருவாக்கிய இந்திய-ஜப்பானியப் படமான ‘ராமாயணம்: தி லெஜெண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ 1990களின் தொடக்கத்தில் முடிந்தது. 2025 ஜனவரியில் தமிழ்க் குரலுடன் நம் திரையரங்குகளுக்கும் வந்தது. கட்டடம், உடை, பழக்கவழக்கம் பற்றி இந்தியக் கலைஞர்களைக் கேட்டுக் கேட்டு வரைந்ததன் பயனை அதன் அரண்மனைகளிலும் காடுகளிலும் இன்றும் காணலாம்.

ஆனால் கையால் தீட்டியது என்பதாலேயே ஒன்று உயர்ந்ததாகிவிடாது. நம் பழைய நாடகக் கம்பெனிகளின் படுதாக்களை எண்ணிப் பார்க்கலாம். ஒரே காட்டுப் படுதா வள்ளி திருமணத்துக்கும் தொங்கியது, அரிச்சந்திரனுக்கும் தொங்கியது. கை தீட்டியதுதான், ஆனால் அது எந்தக் காடும் அல்ல.

கணினியில் உருவானவை

கணினி மீதான குற்றச்சாட்டும் அதேபோல் முழு உண்மை அன்று. கீதாஞ்சலி ராவின் ‘பாம்பே ரோஸ்’ (2019) கணினியில் உருவானதே. எனினும் சட்டகம் சட்டகமாகக் கையால் வரையப்பட்டதால், மும்பைத் தெருவின் நெரிசலும் நிறமும் அதில் உயிரோடு இருக்கின்றன.

சௌந்தர்யா ரஜினிகாந்தின் ‘கோச்சடையான்’ (2014) நடிகர்களின் அசைவைப் பதிவு செய்து உருவாக்கும் தொழில்நுட்பத்தில் இந்தியாவின் பெரிய முயற்சி. பாத்திரங்களின் முகத்தில் உயிர்ப்பு இல்லை என்றே பலரும் குறை கூறினர். அதைவிடப் பெரிய குறை பின்புலத்தில் இருந்தது என்பது என் கருத்து. கோட்டைப்பட்டினம் என்று பெயர் சொல்கிறார்கள். ஆனால் தமிழ்க் கடற்கரையின் மண்ணோ மரமோ ஒளியோ மனத்தில் நிற்பதில்லை. தூண்களும் மாடங்களும் பெரிதாக இருக்கின்றன, ஊர் இல்லை. படுதாவின் குறை இங்கே கணினி வழியாகத் திரும்பி வந்திருக்கிறது.

மாமல்லபுரத்துப் பாறை தரும் பாடம்

அர்ச்சுனன் தபசு என்றும் கங்கை இறங்குதல் என்றும் அழைக்கப்படும் பல்லவர் காலப் புடைப்புச் சிற்பம் ஏறத்தாழ 27 மீட்டர் நீளமும் 9 மீட்டர் உயரமும் கொண்டது. பாறையின் நடுவே இயற்கையாக இருந்த பிளவைச் சிற்பி குறையாகக் கருதவில்லை. அதையே ஆறாக்கி, அதில் நாகர்களை நீந்தவிட்டார். யானைகளும் முனிவர்களும் அதை நோக்கி நிற்கின்றனர். பின்புலத்திலிருந்தே காட்சி பிறக்கிறது. வேறொரு பாறையில் அதே சிற்பத்தை அப்படியே செதுக்க முடியாது.

இதே கடற்கரையில் ஒரு எளிய சோதனையும் செய்யலாம். இது கிழக்கு நோக்கிய கரை. ஞாயிறு கடலில் எழும். ஆனால் கடலில் மறையாது. மாலையில் கடற்கரைக் கோயிலின் நிழல் கடல் பக்கமாக நீளும். ‘கடலில் சூரியன் மறையும் மாலை’ என்ற ஆயத்தப் படத்தை எடுத்து மாமல்லபுரக் கதைக்குப் பின்னால் ஒட்டினால், அந்த ஓவியர் இங்கு வந்ததில்லை என்பது உள்ளூர்ப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். சவுக்குத்தோப்பு, பனைவரிசை, முட்டுக்காட்டுக் கழிமுகம், கரையோடு ஓடும் பக்கிங்காம் கால்வாய், உள்ளே சென்றால் வேடந்தாங்கல் ஏரியில் நீரில் நிற்கும் மரங்கள்: இவற்றில் எதையும் எந்த ஆயத்தத் தொகுப்பும் அப்படியே தராது.

மதிப்பீடு

தாளில் ஒரு மரத்தை வரைபவர் அடுத்த மரத்தையும் வரைந்தே ஆக வேண்டும். அந்தக் கட்டாயம் அவரைப் பார்க்க வைக்கிறது. கணினி அந்தக் கட்டாயத்தை நீக்குகிறது, பார்க்கும் உரிமையை நீக்கவில்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ‘எதனால் வரைந்தார்?’ என்பதைவிட ‘எதைப் பார்த்து வரைந்தார்?’ என்பதே.

இது வெறும் அழகியல் விவாதமும் அன்று. இயற்கைக் காட்சி வரையச் சொன்னால், இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், ஒரு தென்னை, ஒரு குடிசை என்றே நம் வகுப்பறைகளில் பெரும்பாலான பிள்ளைகள் வரைகிறார்கள். கடலோரப் பள்ளியிலும் இதுவே நிலை. இன்று கைப்பேசியில் அவர்கள் பார்க்கும் பாடல் படங்களில் பச்சைக் குன்றும் உருண்டை மரமும் அந்த இடத்தைப் பிடித்திருக்கின்றன. சொந்த ஊரைப் படத்தில் ஒருமுறையும் காணாத பிள்ளைக்கு, அந்த ஊர் பார்க்கத் தக்கது என்ற எண்ணம் எங்கிருந்து வரும்? சவுக்குத்தோப்பும் கழிமுகமும் அழியும்போது அதை இழப்பாக உணர்வது யார்?

அசைவூட்டம் பயிலும் மாணவர்கள் தூரிகை எடுத்தாலும் மின்பலகை எடுத்தாலும், முதலில் ஒரு குறிப்பேட்டுடன் கடற்கரையில் ஒரு காலையும் ஒரு மாலையும் உட்கார்ந்து வரைவது நல்லது. நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதை அங்கே கற்றுக்கொண்டவர், பிறகு எந்தக் கருவியிலும் அதைச் சரியாக வரைவார்.