பூச்சிக்குள் பாக்டீரியா, பாக்டீரியாவுக்குள் வைரஸ்: காரணம் யார்?

பட்டாணியிலும் குதிரைமசாலிலும் சாறு உறிஞ்சும் பச்சை அசுவினியைத் தேடி ஏஃபிடியஸ் எர்வி என்ற சின்னஞ்சிறு குளவி வருகிறது. அசுவினியின் உடலுக்குள் ஒரு முட்டையைச் செலுத்திவிட்டு அடுத்ததைத் தேடிப் போகிறது. பொரிந்து வரும் புழு அசுவினியை உள்ளிருந்தே தின்று வளரும். கடைசியில் மிஞ்சுவது இலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் உலர்ந்த, உப்பிய கூடு. ஆனால் சில அசுவினிகளில் குளவியின் கரு பாதி வளர்ச்சியில் செத்துப்போகிறது. குத்து வாங்கிய அசுவினி தொடர்ந்து வாழ்ந்து குட்டிகளும் ஈனுகிறது.

இந்தப் பாதுகாப்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கான விடை மூன்று படிகளாக இறங்கியது. கெரி ஆலிவர், நான்சி மோரன், மார்த்தா ஹண்டர் முதலியோர் 2003-இல் காரணத்தைப் பூச்சியிடமிருந்து பாக்டீரியாவிடம் மாற்றினார்கள். தாயிடமிருந்து சேய்க்குப் போகும் ஹாமில்டொனெல்லா டிஃபென்ஸா என்ற பாக்டீரியா உடலில் இருந்தால் குளவிப் புழு பிழைப்பது குறைகிறது என்று காட்டினார்கள். ஒரே மரபுவழி அசுவினிக்குள் வெவ்வேறு வகை ஹாமில்டொனெல்லாவைப் புகுத்தினால் பாதுகாப்பின் அளவு மாறுகிறது என்பதை 2005-இல் நிறுவினார்கள். எதிர்ப்பு பூச்சியின் மரபில் இல்லை, குடியிருக்கும் பாக்டீரியாவின் வகையில் இருக்கிறது என்று இதனால் தெளிந்தது. 2009-இல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரை இன்னும் ஒரு படி கீழே போனது: பாக்டீரியா இருந்தால் மட்டும் போதாது, அதன் மரபணுத் தொகுதிக்குள் ஏபிஎஸ்இ என்ற வைரஸும் இருக்க வேண்டும்.

அன்றிலிருந்து ஒரு பெரிய கருத்து இத்துறையில் வேரூன்றியிருக்கிறது. பூச்சியின் பண்புகள் சிலவற்றுக்கு உண்மையான காரணகர்த்தா பூச்சியும் அல்ல, பாக்டீரியாவும் அல்ல, பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸே என்கிறது அது. இரண்டு சான்றுகள் இதற்கு எப்போதும் சேர்த்தே காட்டப்படுகின்றன. ஒன்று அசுவினியின் ஏபிஎஸ்இ. மற்றொன்று வோல்பாகியா என்ற பாக்டீரியாவில் உள்ள டபிள்யூஓ வைரஸ். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது தவறு என்பது என் மதிப்பீடு. முதலாவது கடுமையான சோதனையில் தேறியது. இரண்டாவது அந்தச் சோதனையை இன்னும் எழுதவே இல்லை.

சோதனை எளிமையானது. வைரஸை மட்டும் நீக்கினால் பண்பு மறைய வேண்டும். அதே வைரஸைத் திருப்பிக் கொடுத்தால் பண்பு திரும்ப வேண்டும். இடையில் பூச்சியும் பாக்டீரியாவும் மாறியிருக்கக் கூடாது.

ஏபிஎஸ்இயை முதலில் எடுத்துக்கொள்வோம். நீக்கம் ஆய்வகத்தில் தானாகவே நடந்தது. பல தலைமுறைகளாக வளர்த்துவந்த அசுவினி வரிசைகள் சிலவற்றில் ஹாமில்டொனெல்லா இருந்தபடியே இருக்க, ஏபிஎஸ்இ மட்டும் காணாமல் போனது. அந்த வரிசைகளில் குளவிகள் தடையின்றி வளர்ந்தன. 2009 கட்டுரையின் அச்சு இதுதான். ஆனால் தானாக நடந்த இழப்பில் ஒரு பலவீனம் உண்டு. வைரஸ் போனபோது பாக்டீரியாவின் வேறு ஏதேனும் பகுதியும் சேர்ந்து போயிருக்கலாம் அல்லவா? நீக்கத்தை மட்டும் வைத்து இந்த ஐயத்தை முழுவதும் தீர்க்க முடியாது. 2009-இலேயே வழக்கு முடிந்துவிட்டதாகப் பலர் எழுதியது அவசரம்.

அந்த இடைவெளியை அடைத்தது பத்தாண்டு கழித்து, 2019-இல் வந்த லின்-பெல், ஸ்ட்ராண்ட், ஆலிவர் ஆகியோரின் ஆய்வு. வைரஸ் இல்லாத ஹாமில்டொனெல்லா வகைகளுக்குள் ஏபிஎஸ்இயை மீண்டும் ஏற்றினார்கள். வைரஸ் துகள்களை மட்டும் ஊசியால் செலுத்திப் பார்த்தபோது பலிக்கவில்லை. வைரஸையும் பாக்டீரியாவையும் ஒருசேரச் செலுத்தியபோதுதான் வைரஸ் நிலைத்தது. நிலைத்த பிறகு குளவிக்கெதிரான பாதுகாப்பு முழுவதும் திரும்பியது. 2009 கட்டுரை பெற்ற புகழில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை. எனக்கோ இந்த வரலாற்றிலேயே மிக முக்கியமான கட்டுரை இதுதான். துகள்கள் தனியாகத் தோற்றது என்ற செய்தியை ஒளிக்காமல் முன்வைத்ததாலேயே அதன் மீதான நம்பிக்கை கூடுகிறது.

வைரஸ் போனால் இன்னொன்றும் நடக்கிறது. 2013-இல் வெல்டன், ஸ்ட்ராண்ட், ஆலிவர் ஆகியோர் வைரஸ் இழந்த வரிசைகளை அளந்து பார்த்தார்கள். பாக்டீரியாவின் எண்ணிக்கை பெருகியிருந்தது. அசுவினிகள் எடை குறைந்து, தாமதமாக இனப்பெருக்கம் தொடங்கி, குறைவான குட்டிகளை ஈன்றன. அதாவது வைரஸ் வெளி எதிரியைத் தடுப்பதோடு உள்ளே குடியிருப்பவரையும் அளவோடு வைக்கிறது. வைரஸ் தாயிடமிருந்து சேய்க்குப் பாக்டீரியாவுக்குள் அமர்ந்தே போகிறது. அசுவினி குளவிக்கு இரையானால் மூவருக்கும் அழிவு. பாதுகாப்பு என்ற பண்பு இங்கே நிலைபெற்றதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை.

ஆனாலும் இந்த வழக்கில் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஏபிஎஸ்இயில் பல வகைகள் உண்டு. ஒன்றில் ஷிகா நச்சை ஒத்த மரபணு, இன்னொன்றில் செல்லின் டிஎன்ஏவைச் சிதைக்கும் நச்சு, மூன்றாவதில் ஒய்டி மீள்வரிசை கொண்ட பெரிய நச்சுப் புரதம். மூன்றாம் வகை இருக்கும் அசுவினிகளில் பாதுகாப்பு மிக வலுவாகவும் இரண்டாம் வகையில் மிதமாகவும் இருக்கிறது. இதிலிருந்து நச்சின் வகையே பாதுகாப்பின் அளவைத் தீர்மானிக்கிறது என்று முடிவுக்கு வருபவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். வெவ்வேறு வைரஸ் வகைகள் வெவ்வேறு பாக்டீரியா வகைகளில் குடியிருக்கின்றன. வேறுபாடு வைரஸுடையதா, அது தங்கியிருக்கும் வீட்டினுடையதா என்று இந்த ஒப்பீடு மட்டும் பிரித்துச் சொல்லாது. வைரஸ் தேவை என்பது நிரூபணம். எந்த நச்சு குளவிக் கருவைக் கொல்கிறது என்பது நல்ல ஊகம். இரண்டையும் ஒரே உறுதியோடு எழுதும் பாடநூல்கள் மாணவர்களுக்கு நியாயம் செய்யவில்லை. ஹாமில்டொனெல்லாவைப் பூச்சிக்கு வெளியே வளர்க்கும் முறை 2017-இலேயே வந்துவிட்டது. வளர்ப்பிலிருந்து எடுத்து அசுவினிக்குள் திரும்ப விட்டபோது அது பாதுகாத்தது. எனவே நச்சு மரபணுவை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கும் வழி திறந்தே இருக்கிறது.

ஆய்வகத்துக்கு வெளியே இந்தக் கூட்டணி எவ்வளவு தாங்கும்? 2008-இல் வெளியான கூண்டுச் சோதனையில், குளவிகள் இருந்த கூண்டுகளில் ஹாமில்டொனெல்லா தாங்கிய அசுவினிகள் பெருகின. குளவிகள் இல்லாத கூண்டுகளில் குறைந்தன. பாதுகாப்புக்கு ஒரு விலை உண்டு என்று பொருள். குளவிகளும் சும்மா இருப்பதில்லை. ஐரோப்பாவில் கருப்பு அவரை அசுவினியை வைத்து கிறிஸ்டோஃப் வோர்பர்கர் குழு நடத்திய பரிணாமச் சோதனைகளில், பாதுகாப்பு பெற்ற அசுவினிகளையே கொடுத்து வளர்த்த குளவிகள் சில தலைமுறைகளில் அந்தப் பாதுகாப்பை மீறக் கற்றன. ஆனால் எந்தப் பாக்டீரியா வகையோடு பழகினவோ அந்த வகையிடம்தான் அவற்றுக்கு வெற்றி அதிகம். நிலைத்த கவசம் அல்ல, ஓயாத போட்டி. தட்டைப்பயறு அசுவினியிலும் ஹாமில்டொனெல்லா உண்டு. அங்கே அது சில குளவி இனங்களைத் தடுக்கிறது, மற்றவற்றைத் தடுப்பதில்லை. நம் ஊர்ப் பயறு வயல்களில் ஒட்டுண்ணிக் குளவிகளை நம்பி அசுவினியைக் கட்டுப்படுத்த நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இனி வோல்பாகியா. 1924-இல் ஹெர்ட்டிக், வோல்பாக் இருவரும் கியூலெக்ஸ் கொசுவில் கண்ட பாக்டீரியா இது. இது குடியிருக்கும் ஆண், குடியிராத பெண்ணோடு சேர்ந்தால் முட்டைகள் சாகின்றன. பெண்ணிடமும் அதே பாக்டீரியா இருந்தால் முட்டைகள் பிழைக்கின்றன. இந்தக் கருப்பொருந்தாமையைப் பயன்படுத்தி, ரங்கூன் அருகே ஓக்போ கிராமத்தில் கொசுக்களை ஒழித்துக் காட்டியதாக 1967-இல் லாவன் எழுதினார். அதன் காரணம் வோல்பாகியா என்பதே அப்போது தெரியாது. 1970-களின் தொடக்கத்தில் யென், பார் இருவரும்தான் அதைக் காட்டினார்கள்.

2017-இல் இரண்டு குழுக்கள் ஒரே காலத்தில் இதன் மரபணுக்களைக் கண்டன: வாண்டர்பில்ட்டில் செத் போர்டன்ஸ்டீன் குழு, யேலில் மார்க் ஹோக்ஸ்ட்ராசர் குழு. இரண்டு மரபணுக்கள், அடுத்தடுத்து அமைந்தவை; சிஃப்-ஏ, சிஃப்-பி என்ற பெயரில் இப்போது பெரும்பாலும் அறியப்படுபவை. வோல்பாகியா இல்லாத பழ ஈயின் ஆணில் இவ்விரண்டையும் இயங்கச் செய்தால் முட்டைகள் சாகின்றன. அந்த ஆணைப் பாக்டீரியா தாங்கிய பெண்ணோடு சேர்த்தால் முட்டைகள் தப்புகின்றன. அழகான, உறுதியான சோதனை. இதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை.

ஐயம் அடுத்த வாக்கியத்தில்தான் எழுகிறது. இந்த மரபணுக்கள் டபிள்யூஓ வைரஸின் பகுதியில் அமைந்திருக்கின்றன, ஆகவே கருப்பொருந்தாமையை உண்டாக்குவது வைரஸ் என்று எழுதப்படுகிறது. களவுபோன நகை ஒரு வீட்டில் கிடைத்தால் அந்த வீட்டுக்காரர்தான் திருடினார் என்று ஆகிவிடாது. பழ ஈச் சோதனையின் ஆணில் வைரஸே இல்லை, பாக்டீரியாவும் இல்லை. மரபணு மட்டுமே இருந்தது. மரபணுவுக்கு அந்த வலிமை உண்டு என்பதுதான் அதன் முடிவு. வைரஸ் என்ற உயிர்ப்பொருள், துகளாகி, தொற்றி, பெருகும் அந்த ஒன்று, இதில் என்ன செய்கிறது என்ற கேள்வியை அந்தச் சோதனை தொடவே இல்லை.

எதிர்ச்சான்றுகளும் கனமானவை. டிரோசோஃபிலா சிமுலன்ஸ் ஈயில் வாழும் வோல்பாகியாவின் ஒரு திரிபில் டபிள்யூஓ உண்டு, கருப்பொருந்தாமை இல்லை. புத்தகப் பேன் எனப்படும் பூச்சியொன்றின் ரிக்கெட்சியாவில் சிஃப் மரபணுக்களின் உறவுகள் பிளாஸ்மிட்டில் இருக்கின்றன. ஊர்தி வைரஸாகவே இருக்க வேண்டியதில்லை என்று அது காட்டுகிறது. கார்டினியம் என்ற வேறொரு பாக்டீரியா, ஒரு குளவியில் இதே விளைவைச் சிஃப் மரபணுக்களே இல்லாமல் உண்டாக்குகிறது. யானைக்கால் நோய் தரும் புரூஜியா புழுவின் வோல்பாகியாவில் டபிள்யூஓ இல்லை, கருப்பொருந்தாமையும் இல்லை என்பதை வைரஸின் பக்கம் சான்றாகக் காட்டுகிறார்கள். ஆனால் அந்தப் பாக்டீரியா பூச்சியை விட்டே விலகி, புழுவுக்கு இன்றியமையாத துணையாகிவிட்ட வேறு வாழ்க்கை. அந்த ஒப்பீடு எதையும் தனிமைப்படுத்துவதில்லை.

இன்னொரு முரணும் பேசப்படாமல் கிடக்கிறது. 2006-இல் இதே போர்டன்ஸ்டீன், நசோனியா குளவியில் டபிள்யூஓ துகள்கள் பெருகும்போது வோல்பாகியா குறைகிறது, கருப்பொருந்தாமையும் தளர்கிறது என்று எழுதினார். அந்தச் சித்திரத்தில் வைரஸ் பாக்டீரியாவை உடைக்கும் எதிரி. பண்பைக் குலைப்பது அது. 2017-க்குப் பின் அதே வைரஸ் பண்பின் ஆசிரியர். இரண்டும் ஒன்றையொன்று மறுக்கத் தேவையில்லை. உறங்கும் வைரஸ் மரபணுவைக் கொடுக்கலாம், விழித்த வைரஸ் வீட்டையே இடிக்கலாம். ஆனால் அப்படியானால் காரணம் என்பதற்கு இரண்டு பொருள்கள் கலந்துவிட்டன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2006 முடிவே ஒன்று ஏற மற்றொன்று இறங்கும் எண்களை மட்டும் கொண்டது; பின்னர் வெப்பநிலையை மாற்றிச் செய்த சோதனையும் அப்படியே. வெப்பம் வைரஸை மட்டும் தொடுவதில்லை. பாக்டீரியாவையும் பூச்சியையும் சேர்த்தே தொடுகிறது.

2016-இல் டபிள்யூஓவில் கருப்பு விதவைச் சிலந்தியின் நச்சை ஒத்த பகுதி கண்டறியப்பட்டதும், வைரஸ் சிலந்தியிடம் திருடிவிட்டது என்று தலைப்புகள் வந்தன. ஒற்றுமை இருக்கிறது என்பது வியப்புக்குரிய உண்மை. யார் யாரிடமிருந்து பெற்றார் என்பதை ஒற்றுமை மட்டும் சொல்லாது; பாக்டீரியாவிலிருந்து சிலந்திக்குப் போயிருக்கும் வாய்ப்பையும் சிலர் முன்வைத்திருக்கிறார்கள்.

இது வெறும் ஏட்டுச் சண்டை இல்லை. யோக்யகர்த்தாவில் வோல்பாகியா தாங்கிய ஏடிஸ் கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு 77 விழுக்காடு குறைந்தது என்று 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. கொழும்பின் சில பகுதிகளிலும் இத்தகைய கொசுக்கள் விடப்பட்டிருக்கின்றன. புதுச்சேரியில் உள்ள ஐசிஎம்ஆர் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையம் டபிள்யூமெல், டபிள்யூஆல்ப்-பி என்ற இரு திரிபுகளைத் தாங்கிய ஏடிஸ் வரிசைகளை உருவாக்கியிருக்கிறது. இந்தக் கொசுக்கள் ஊரில் பரவி நிலைப்பது கருப்பொருந்தாமையின் தயவால்தான். டபிள்யூமெல் கடும் வெப்பத்தில் கொசுவின் உடலில் குறைந்துபோகிறது. டபிள்யூஆல்ப்-பி அதைவிட நன்றாகத் தாங்குகிறது. அந்தக் குறைவில் விழித்தெழும் வைரஸுக்குப் பங்கு உண்டா என்பது நம் கோடைக்கு மிக நெருக்கமான கேள்வி. நீக்கிப் பார்க்காமல் அதற்கு விடை சொல்ல முடியாது. வோல்பாகியாவைச் செல்லுக்கு வெளியே வளர்க்கவோ, எளிதாக மரபணு திருத்தவோ இயலாததால்தான் அந்தச் சோதனை இத்தனை நாள் தள்ளிப்போகிறது. ஆய்வாளர்களின் சோம்பல் என்று யாரும் எண்ணக் கூடாது.

என் தீர்ப்பு இது. பட்டாணி அசுவினியின் பாதுகாப்புக்கு ஏபிஎஸ்இ தேவையான காரணம். ஐயமின்றி எழுதலாம், நச்சின் பெயரை மட்டும் ஊகம் என்ற குறிப்போடு எழுத வேண்டும். வோல்பாகியாவில் கருப்பொருந்தாமையின் மரபணுக்கள் நிறுவப்பட்டவை. வைரஸின் கை நிறுவப்படவில்லை. பாடநூல் எழுதுவோரும் அறிவியல் செய்தி எழுதுவோரும் டபிள்யூஓ நீக்கப்பட்ட வோல்பாகியா ஒன்று கிடைக்கும்வரை “வைரஸ் பகுதியில் அமைந்த மரபணு” என்றே எழுதுங்கள்.