மின்புலக் கணிப்பும் வேற்றுமைப் பொருளும்

அறிவியல் நூல்களின் தமிழைத் திறனாய்வோர் பெரும்பாலும் கலைச்சொல்லோடு நின்றுவிடுகின்றனர். ஒரு சொல் தமிழ்ச்சொல்லா வேற்றுச்சொல்லா, எளிதா அரிதா என்பனவே அவர்தம் வினாக்கள். சொற்கள் இயைந்து தொடராகுங்கால் பொருள் பிறழாது நிற்கின்றதா என்னும் வினா அரிதாகவே எழுகின்றது. ஆயின் மாணவன் பயில்வது சொற்பட்டியலை அன்று, தொடரையே பயில்கின்றான். ஆதலின், நிலைமின்னியலில் ஒரு சிறு பகுதியை ஈண்டு எடுத்துக்கொள்வோம். புள்ளி மின்துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று செலுத்தும் விசையையும் அவற்றால் விளையும் மின்புலத்தையும் கணிப்பது அப்பகுதி. அதனைத் தமிழில் உரைக்கும் நூல்கள் வேற்றுமையை ஆளும் முறையே நம் ஆய்வுப்பொருள்.

முதற்கண் சொல்லாட்சி பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். தமிழ்நாட்டு நூல்களில் மின்னூட்டம், மின்துகள் என்னும் இரண்டும் வழங்குகின்றன. ஈழத்து நூல்களில் ஏற்றம் என்பது வழக்கு. இவற்றுள் எது சிறந்தது என்பது நம் வினாவன்று. தாங்கும் பொருளுக்கும் தாங்கப்படும் அளவுக்கும் ஒரே சொல்லை ஆளுதல் ஆகாது என்பதே நாம் வற்புறுத்துவது. இக்கட்டுரையில் பொருளைத் துகள் என்றும் அதன் அளவை மின்னூட்டம் என்றும் கொள்வோம்.

பிரெஞ்சு அறிஞர் கூலூம் 1785ஆம் ஆண்டில் முறுக்குத் தராசின் துணைகொண்டு ஒரு விதியை நிறுவினார். இரு துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று செலுத்தும் விசை, அவற்றின் மின்னூட்டங்களின் பெருக்கற்பலனுக்கு நேர்விகிதத்திலும், இடைத்தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்திலும் அமையும். இரண்டையும் இணைக்கும் நேர்கோட்டின் வழியே செயற்படும். இவ்விதியில் இடம்பெறுவன இரு பொருள்களும் அவற்றின் தொலைவுமே. இடத்திற்கென ஒரு பண்பு இதிற் கூறப்பெறவில்லை. 19ஆம் நூற்றாண்டில் பாரடேயும் அவர்க்குப் பின் மாக்சுவெல்லும் இடத்தையே பேசுபொருளாக்கினர். ஒரு துகள் தன்னைச் சூழ்ந்த இடத்தில் ஒரு நிலையை விளைவிக்கின்றது. அவ்விடத்து வரும் மற்றொரு துகள் அந்நிலையால் விசையுறுகின்றது. அந்நிலையே மின்புலம். புலம் என்னும் சொல் இடம், திசை என்னும் இரு பொருளும் தமிழில் உடையது. ஒவ்வோர் இடத்தும் அளவோடு திசையும் உடைய ஒன்றனுக்கு இதனினும் இயைந்த பெயர் காண்டல் அரிது.

இனி ஒரு கணக்கைக் காண்போம். முதல் துகளின் மின்னூட்டம் நேர் 4 மைக்ரோகூலூம்; இரண்டாம் துகளின் மின்னூட்டம் நேர் 1 மைக்ரோகூலூம்; இடைத்தொலைவு 30 செ.மீ. கூலூம் விதியின் மாறிலியை 9 × 10⁹ எனக் கொள்ளின், ஒவ்வொரு துகளும் உறும் விசை 0.4 நியூட்டன் ஆகும். புலத்தைக் கணிப்பின் நிலை வேறு. முதல் துகளால் இரண்டாம் துகளின் இடத்து விளையும் புலம், கூலூமுக்கு 4,00,000 நியூட்டன். இரண்டாம் துகளால் முதல் துகளின் இடத்து விளையும் புலமோ கூலூமுக்கு 1,00,000 நியூட்டனே. புலங்கள் நான்கு மடங்கு வேறுபடினும் விசைகள் சமம். ஒவ்வோரிடத்துப் புலத்தையும் அவ்விடத்திலுள்ள மின்னூட்டத்தால் பெருக்கினால் இருவழியும் 0.4 நியூட்டனே கிடைத்தலின் இது விளங்கும்.

இக்கணக்கில் ‘முதல் துகளின் மின்புலம்’ என்னும் தொடரைப் பெய்து பார்க்க. அது முதல் துகள் விளைவித்த புலமா? முதல் துகள் இருக்கும் இடத்துப் புலமா? முன்னையதாயின் 4,00,000, பின்னையதாயின் 1,00,000. ‘துகளின்’ என்புழி இன் சாரியையாய் நிற்க, ஆறனுருபு தொக்கது. ஆறாம் வேற்றுமை கிழமைப் பொருளது. அக்கிழமையைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என இலக்கண நூலார் இருவகைப்படுத்தினர். துகளின் மின்னூட்டம் என்பது தற்கிழமை. அது பிழையற்ற தொடர். புலமோ துகளை விட்டு நீங்கிய இடங்களில் உள்ளது. அதற்கும் அதே வாய்பாட்டை ஆளுங்கால், மின்னூட்டத்தைப் போலப் புலமும் துகளின் உள்ளே உறைவதொன்று என மாணவன் மயங்குகின்றான். ஒரு துகள் தன் புலத்தால் தானே விசையுறும் எனவும் கருதத் தலைப்படுகின்றான்.

இம்மயக்கத்தை நீக்கும் வழி தமிழ் இலக்கணத்திலேயே உள்ளது. வினைமுதற்பொருள் மூன்றாம் வேற்றுமைக்கு உரியது. இடப்பொருள் ஏழாம் வேற்றுமைக்கு உரியது. ‘முதல் துகளால் இரண்டாம் துகளின் இடத்து விளையும் புலம்’ என விரித்தெழுதின் ஐயத்திற்கு இடமில்லை. தொடர் சிறிது நீளும் என்பது உண்மையே. பொருள் தெளிவின் பொருட்டு நீளுதல் குற்றமன்று.

‘இரு துகள்களுக்கு இடையே உள்ள விசை’ என்னும் தொடரும் ஆராயத்தக்கது. பெருவழக்காகிய இத்தொடர், விசையை இடைவெளியில் கிடக்கும் ஒரு பொருள்போல் காட்டுகின்றது. இடையே உள்ளது 0.4 நியூட்டன் எனின், அதனை இரு துகளும் பாதியாகப் பகிர்ந்துகொள்ளுமா என மாணவன் வினவுவதில் வியப்பில்லை. உண்மையில் விசைகள் இரண்டு. ஒவ்வொன்றும் ஒரு துகளின்மேற் செயற்படுவது. அளவு ஒன்று, திசை எதிர். ‘ஒவ்வொரு துகளும் மற்றதனால் உறும் விசை’ என்பதே செவ்விய தொடராம்.

மின்புலத்திற்குக் கூறப்பெறும் இலக்கணமும் திருத்தம் வேண்டுவதே. ஓரிடத்தில் ஓரலகு நேர்மின்னூட்டத்தை வைத்தால் அது உறும் விசை மின்புலம் என்பர். ‘வைத்தால்’ என்னும் நிபந்தனையெச்சம், வைக்காதவிடத்துப் புலமே இல்லை என்னும் பொருளைத் தோற்றுவிக்கின்றது. மேலும் ஓரலகு என்பது ஒரு கூலூம். நம் கணக்கிலுள்ள முதல் துகளின் மின்னூட்டத்தைப்போல் 2,50,000 மடங்கு. அத்துணைப் பெரிய மின்னூட்டத்தைக் கொணரின், புலத்தை விளைவித்த துகள்கள் தம் நிலையினின்று பெயர்ந்துவிடக்கூடும். ஆதலின், மிகச் சிறிய சோதனை மின்னூட்டம் ஓரிடத்து உறும் விசையை அம்மின்னூட்டத்தால் வகுக்கக் கிடைப்பது அவ்விடத்துப் புலத்தின் அளவு என்றல் பொருந்தும். வைத்தல் அளத்தற்கு வேண்டுவது. புலம் இருத்தற்கு வேண்டுவதன்று.

துகளே இல்லாத இடத்தைக் கணிக்குங்கால் இவ்வேறுபாடு நன்கு புலனாகும். முன்னைய கணக்கில் இரு துகள்களையும் இணைக்கும் கோட்டில், முதல் துகளினின்று 20 செ.மீ. தொலைவில் உள்ள புள்ளியைக் கருதுக. முதல் துகளால் அவ்விடத்து விளையும் புலம் கூலூமுக்கு 9,00,000 நியூட்டன்; 10 செ.மீ. தொலைவிலுள்ள இரண்டாம் துகளால் விளைவதும் அதுவே. திசைகள் எதிராதலின் மொத்தப் புலம் சுழியாகும். இரண்டாம் துகளின் மின்னூட்டம் எதிர் 1 மைக்ரோகூலூம் ஆயின், சுழிப்புள்ளி இடைவெளியில் அமையாது. இரண்டாம் துகளுக்கு அப்பால் 30 செ.மீ. தொலைவில் அமையும். ஈண்டு விளைவிப்பது மூன்றாம் வேற்றுமையிலும், தொலைவின் எல்லை ஐந்தாம் வேற்றுமையிலும், இடம் ஏழாம் வேற்றுமையிலும் நிற்கின்றன. இவற்றுள் ஒன்று பிறழினும் கணக்குப் பிறழும்.

குறியீட்டுச் சமன்பாடு இருக்கத் தொடரைப் பற்றிக் கவல்வது எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். சமன்பாட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னரே வினாத்தொடரைப் படித்தறிய வேண்டும் என்பதே அதற்கு விடை. எவ்விடத்துப் புலம், எதனால் விளைந்தது என்பதைத் தொடர் உணர்த்தாதாயின், பிழையற்ற சமன்பாடும் பிழையான எண்ணையே தரும். அவ்வழித் தவறியவனைக் கணக்கறியாதவன் என்கின்றோம்; தமிழ் அறிவியலுக்குப் போதாது என்றும் சிலர் கூறிவிடுகின்றனர். குறை மாணவனதுமன்று, மொழியினதுமன்று. உரிய உருபை உரிய இடத்தில் ஆளாத உரைநடையினது.

ஆதலின் இயற்பியல் நூல்களை ஆக்குங்காலும் மதிப்பிடுங்காலும் தமிழ்த்துறையினர் பங்கு கலைச்சொல் தேர்வோடு முடிதல் கூடாது. வேற்றுமைப் பொருளைக் கற்ற முதுகலை மாணவர், இத்தகைய கணக்குகளின் வினாத்தொடர்களை எடுத்து, உருபு தொக்க இடங்களை விரித்து நோக்குவாராயின், இரு பொருள் படும் தொடர்களை எளிதிற் காண்பர். அவற்றை இயற்பியலாரோடு இருந்து திருத்துதல் உடனே செய்யத்தக்க பணியாகும்.