குறள் கூறும் அரசுறுப்புகளில் ‘குடி’

அரசன், அமைச்சு, நாடு, அரண், பொருள், படை, நட்பு என அரசின் உறுப்புகள் ஏழாகும் என்கிறது கௌடலியரின் அர்த்தசாத்திரம். திருக்குறளோ (381) அரசனை உடையவனாக வைத்துப் படை, குடி முதலிய ஆறினை அவன் உடைமைகளாகச் சுட்டுகிறது. இங்கு வரும் ‘குடி’ என்பதற்கு, அதனையுடைய நாடு எனப் பரிமேலழகர் பொருள் கொள்கிறார். அங்கவியலில் ‘நாடு’ (74) தனி அதிகாரமாக அமைந்திருப்பது அவர் கருத்துக்கு அரண் செய்கிறது. எனினும், ஆராயாது முறைதவறி ஆளும் அரசு கூழையும் குடியையும் ஒருசேர இழக்கும் என்னும் குறளில் (554) ‘குடி’ மக்களையே குறிக்கிறது. நிலம் அரசனை விட்டு நீங்குவதில்லை; நீங்குவோர் மக்களே. ஆகவே, குடியை நாட்டினுள் அடக்கும் உரை, குறளை வடநூல் மரபோடு இயைக்கிறது. ஆனால், மக்களை இழந்த ஆட்சி நிலைபெறாது என்னும் குறளின் அரசியற் கருத்தை மங்கச் செய்துவிடுகிறது.