கோடு தெரியாத கட்டிங்

இப்போது எந்த ஊர் சலூனிலும் இளவட்டங்கள் கேட்பது ஃபேட் கட்டிங்தான். காதோரம் தோல் தெரிய ஆரம்பித்து, மேலே போகப் போக முடி அடர்ந்து, உச்சியில் கருகருவென்று நிற்க வேண்டும். எந்த இடத்தில் அடர்த்தி கூடியது என்று கண்ணுக்குப் பிடிபடக் கூடாது. அமெரிக்க ராணுவத்தினரின் ஒட்ட வெட்டிய கிராப்பில் தொடங்கி, 1980களில் கறுப்பின மக்களின் சலூன்களில் கலையாக வளர்ந்த வெட்டு இது. சுருள்முடியில் சிறு பிசகு சுருளுக்குள் மறைந்துவிடும். நம் பிள்ளைகளில் பலருக்குக் கோரைமுடி. வெளிறிய மண்டைத்தோலின் மேல் கறுத்த முடி நேராக நிற்கையில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் கோடு விழும். அதனாலேயே நம்மூரில் நன்றாக அமைந்த ஃபேடைப் பார்த்தால் எனக்கு மரியாதை கூடுகிறது.

மெஷினில் மாட்டும் கார்டுகளுக்கு எண் உண்டு. ஒன்று 3 மி.மீ., இரண்டு 6 மி.மீ., அரை 1.5 மி.மீ. எண்ணை மாற்றி மாற்றி ஓட்டினால் பட்டை பட்டையாகத்தான் வரும். அந்தப் பட்டையை அழிப்பது மணிக்கட்டு. தலையோடு ஒட்டி மேலேறும் மெஷினை, எல்லை நெருங்கியதும் வெளிப்பக்கமாக வளைத்து எடுத்துவிடுகிறார் கைதேர்ந்தவர். வெட்டு சட்டென்று நிற்காமல் தேய்ந்து முடிகிறது. பிறகு பக்கத்து லிவரைக் கட்டைவிரலால் துளி அசைத்து, மிச்சமிருக்கும் கருமையை பிளேடின் மூலையால் தொட்டுத் தொட்டு எடுக்கிறார்.

பின்மண்டை எலும்புதான் பெரிய சோதனை. முடி ஒரே நீளம் இருந்தாலும் குழிந்த இடம் இருண்டு தெரியும், புடைத்த இடம் வெளிறும். அங்கே எண் உதவாது. நிழலைப் பார்த்து வெட்ட வேண்டும். பிடரியில் சுழி இருந்தால் மெஷினின் திசையையும் மாற்ற வேண்டும்.

மேல்முடியோடு இணைக்கும்போது மெஷினைக் கீழே வைத்துவிட்டு சீப்பையும் கத்தரியையும் எடுப்பார்களே, நான் காத்திருப்பது அதற்குத்தான். சீப்பு மெல்ல மேலேறும். அதையொட்டி ஓர் அலகு அசையாமல் நிற்க, கட்டைவிரல் பிடித்த அலகு மட்டும் படபடக்கும். மெஷின் வருவதற்கு முன்பே நம் முடிதிருத்துநர்கள் கற்றிருந்த வித்தை அது. அதில் தேறியவர் கையில்தான் ஃபேட் முழுமை பெறுகிறது என்பது என் எண்ணம்.

முடி மாதத்துக்குச் சுமார் ஒரு செ.மீ. வளர்வதால் அரை எண் வைத்த இடம் நான்கைந்து நாளில் ஒன்றாகிவிடும். இரண்டு வாரத்தில் ஃபேட் கலைந்துவிடும். அப்படியும் ஒரு தலைக்கு முக்கால் மணி நேரம் செலவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பேரம் பேசாதீர்கள். பத்து நிமிடத்தில் முடித்துத் தரும் கடைக்குப் போனால், காதுக்குப் பின்னால் கண்ணாடி பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். கோடு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.