அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

2016 ஜூலை 22, வெள்ளிக்கிழமை. அந்த ஆண்டுகளில் ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. நாட்டின் பெரும்பகுதி வேலைக்குக் கிளம்பிப் போன நாளில், ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடித் திரையரங்கின் முன்னால் ‘கபாலி’க்காக நாங்கள் வரிசை பிடித்து நின்றோம். என்னுடன் அம்மா வந்திருந்தார். குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் இருபது வருஷம் பால்மரம் வெட்டியவர். அரங்கின் குளிருக்குப் பயந்து தோளில் ஒரு துண்டும் கொண்டு வந்திருந்தார்.

தோட்டத் தொழிலாளர்கள் சம ஊதியம் கேட்டு எழும் காட்சி வந்தபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பெரட்டுல நாங்க வாய் தொறக்க முடியாது. தொறந்தா மறுநாளு தண்டலு கடைசி நிரைக்கு அனுப்பிருவாரு” என்று என் காதோரம் சொன்னார். விடியுமுன் இருட்டில் பெயர் கூப்பிட நின்ற அந்த வரிசை, அன்று அவருக்கு முதன்முறையாகப் பெரிய திரையில் வந்தது.

படம் முடிந்து, கபாலி காவல்துறையிடம் சரணடைந்ததாக எழுத்தில் ஒரு வரி தெரிந்தது. வெளியே ஒட்டுக்கடையில் தே தாரிக் வாங்கிக்கொண்டு உட்கார்ந்ததும் அம்மா கேட்டார்: “அவரு சரணடைஞ்சிட்டாரு, சரி. அவரு நடத்துன பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க என்ன ஆனாங்க?”

மலேசியத் தமிழர் வாழ்வைச் சொல்ல வரும் படத்துக்கு இதைவிடச் சரியான உரைகல் எனக்குக் கிடைக்கவில்லை. அதில் ‘கபாலி’யை உரைத்துப் பார்க்கிறேன்.

முதலில் அதன் தகுதிகள். சென்னைப் படங்களுக்கு மலேசியா நெடுங்காலம் பாட்டு எடுக்கும் ஊராக மட்டுமே இருந்தது. இரட்டைக் கோபுரத்தைக் காட்டிவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள். ‘கபாலி’ இயக்குநர் பா. இரஞ்சித் அந்தக் கோபுரங்களுக்குப் பின்னால் இருந்த தோட்டத்தையும், தோட்டத்திலிருந்து நகரத்துக்குத் தள்ளப்பட்டவர்களையும் கதைக்குள் கொண்டுவந்தார். சிறையில் இருக்கும் நாயகன் கையில் ஒய்.பி. சத்யநாராயணாவின் ‘மை ஃபாதர் பாலையா’ இருக்கிறது. ஒரு தலித் குடும்பம் கல்வியால் எழுந்து நின்ற வரலாறு அது. கோட்டு அணிவதை வெறும் நடிகர் பகட்டாக விடாமல், தன்மான அரசியலாகவே படம் பேசுகிறது. ரஜினிகாந்த் நரைத்த தாடியோடு, 25 ஆண்டு சிறைக்குப் பிறகு மனைவியைத் தேடிப் போகிறார். மனைவி குமுதவல்லியாக வரும் ராதிகா ஆப்தேயை அவர் மீண்டும் பார்க்கும் இடம், ரஜினியின் திரைவாழ்வின் உண்மையான கணங்களில் ஒன்று. இவற்றைக் குறைத்துச் சொன்னால் நியாயமாகாது.

ஆனால் படத்தின் பெரும்பகுதி துப்பாக்கிச் சண்டைக்கே போகிறது. தோட்டம் நினைவுக் காட்சியாக வந்து மறைகிறது. குண்டர் கும்பலில் நல்ல கும்பல், கெட்ட கும்பல் என்று படம் கோடு கிழிக்கிறது. போதைப்பொருள் விற்பவன் கெட்டவன். அதை எதிர்ப்பவன் தலைவன். கும்பலால் மகனை இழந்த எந்த வீட்டிலும் இந்தக் கோடு செல்லாது. அதைவிடப் பெரிய குறை, வில்லனின் முகம். தோட்டத்தை விற்றது நிறுவனங்கள். மாற்று வீடோ வேலையோ இல்லாமல் மக்கள் வெளியேறியதைப் பார்த்துக்கொண்டிருந்தது அரசியல். இந்தப் பொருளாதாரக் கணக்கு முழுவதையும் டோனி லீ என்ற ஒரு சீனத் தலைவனிடம் தீர்த்துவிடலாம் என்று காட்டுவது கதைக்கு வசதி. வரலாற்றுக்கு அது பிழை.

வெகுசன சினிமா இவ்வளவுதான் செய்ய முடியும், ரஜினி இல்லாவிட்டால் இந்தத் தோட்டக் கதையை உலகம் கேட்டிருக்குமா என்று நண்பர்கள் வாதாடுகிறார்கள். கேட்டிருக்காது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே வெகுசனப் படம்தான் தன் கடைசி நிமிடத்தில் மிகத் துணிச்சலான காரியம் ஒன்றையும் செய்கிறது. மற்ற நாடுகளில் ஓடிய வடிவத்தில், கபாலியின் பள்ளியில் இருந்த டைகர் என்ற இளைஞனைக் காவல்துறை தூண்டிவிடுகிறது. அவன் கபாலியை நெருங்குகிறான். திரை இருள்கிறது. துப்பாக்கி வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. தான் காப்பாற்ற நினைத்த பிள்ளையின் கையில்தான் அந்தத் தலைவனின் முடிவு இருக்கிறது. இந்த முடிவை யோசித்த இயக்குநரை மதிக்கிறேன். ஆனால் டைகர் யார்? அவன் வீட்டில் என்ன நடந்தது? அவன் எப்படி இங்கே வந்தான்? படத்துக்குத் தெரியாது. மலேசிய வடிவமோ ‘சரணடைந்தார்’ என்ற ஒரு வரியில் சட்டத்தின் பெயரைக் காப்பாற்றிவிட்டு, பிள்ளையைப் பற்றிய கேள்வியை மூடிவிட்டது.

அந்தக் கேள்விக்கு ‘கபாலி’ வருவதற்கு ஏழு மாதம் முன்பே பதில் வந்திருந்தது. 2015 டிசம்பரில் வெளியான ‘ஜகாட்’, சஞ்சை குமார் பெருமாள் இயக்கிய மலேசியத் தமிழ்ப் படம். மலாய்ச் சொல் ‘ஜஹாட்’ நம் வாயில் திரிந்து ஜகாட் ஆனது. தோட்டத்தில் சேட்டைக்காரப் பிள்ளையைப் பெரியவர்கள் திட்டும் சொல் அது. கதை 1990களின் தொடக்கத்தில் நடக்கிறது. தோட்டம் கலைந்து, குடும்பம் புறம்போக்குக் குடியிருப்புக்கு வந்துவிட்டது. அப்பொய்க்கு 12 வயது. கற்பனை ததும்பும் பையன். அவனைச் சுற்றி மூன்று ஆண்கள். படிப்பைத் தவிர வேறு கதியில்லை என்று அடித்தே வளர்க்கும் அப்பா. கும்பலில் பிழைக்கும் ஒரு சித்தப்பா. போதையில் சிக்கி வாழ்க்கையைத் தொலைத்த இன்னொருவர். அடிக்கும் கையிலும் அன்புதான் இருக்கிறது. ஆனால் பையனுக்கு அடி மட்டும்தான் தெரிகிறது. அவனை ஆளாக மதித்துப் பேசுவது கும்பல்காரச் சித்தப்பாதான். கும்பல் ஒரு பிள்ளையை இழுத்துக்கொள்வது துப்பாக்கியைக் காட்டி அல்ல, மரியாதையைக் காட்டி என்பதை வசனம் எதுவும் இல்லாமல் படம் புரியவைக்கிறது.

‘ஜகாட்’டிலும் குறை உண்டு. பெண்கள் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். என் அம்மாவைப் போல் பால் வெட்டிக் குடும்பத்தைத் தாங்கியவளுக்கு அதில் கதை இல்லை. அந்த வகையில் குமுதவல்லிக்கு இடம் கொடுத்த ‘கபாலி’ ஒரு படி மேல். தோட்டத்தைக் கலைத்தவர்களும் ‘ஜகாட்’டில் திரைக்கு வெளியிலேயே தங்கிவிடுகிறார்கள். தப்பிக்கும் வழி எதையும் படம் காட்டவில்லை என்பதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். இல்லாத வழியை வரைந்து காட்டாததை நான் நேர்மையாகவே எடுத்துக்கொள்கிறேன். 2016 மலேசியத் திரைப்பட விழாவில் இந்தப் படத்தை முதலில் தேசிய மொழி அல்லாத படங்களுக்கான பிரிவில் ஒதுக்கினார்கள். மலாய்க் கலைஞர்கள் உட்படப் பலர் எதிர்த்துக் குரல் கொடுத்த பிறகு முடிவு மாறியது. அதே விழாவில் சிறந்த மலேசியத் திரைப்பட விருதை அது வென்றது.

என் தீர்ப்பு இது. ‘கபாலி’ நமக்கு ஒரு தலைவனைத் தந்தது. அந்த இரண்டரை மணி நேரம் தலை நிமிர்ந்து உட்காரவும் வைத்தது. அது சிறிய காரியமல்ல. ஆனால் தலைவன் போன பிறகு மிஞ்சும் பிள்ளையைப் பற்றி அதனிடம் ஒரு துப்பாக்கிச் சத்தத்துக்கு மேல் எதுவும் இல்லை. ‘ஜகாட்’ அந்தப் பிள்ளையை நடுவில் நிறுத்தி, அவன் வழி மாறும் ஒவ்வொரு அடியையும் காட்டியது. இரண்டில் பெரிய படைப்பு ‘ஜகாட்’தான். மாசாய், ஸ்கூடாய், கூலாய் அடுக்குமாடி வீடுகளில் பதின்ம வயதுப் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் அதை ஒருமுறை பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். பிறகு பிள்ளையைப் பேசவிடுங்கள்.

பின்னொரு நாள் வீட்டில் அம்மாவுக்கு ‘ஜகாட்’ போட்டுக் காட்டினேன். முடிந்தபோது அவர் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. எங்கள் லயத்தில் வளர்ந்த மூன்று பையன்களின் பெயரைச் சொன்னார்.